ஊட்டியில் படித்துக்கொண்டே குவாண்டம் சாதன ஆராய்ச்சிக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். குறைக்கடத்தி குவாண்டம் சாதனங்களில் ஆராய்ச்சி செய்பவர் அன்றாடம் என்னதான் செய்வார்? எங்கள் கல்லூரியில் தூய அறையும் கிடையாது, மில்லிகெல்வின் குளிரூட்டியும் கிடையாது. ப்ராஜெக்டுக்கு உருப்படியாக எதையாவது அளக்க முடியுமா, இல்லை சிமுலேஷன்தான் கதியா?

பதில்:

முடியும். சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் எந்த நேர்காணலுக்கும் வரிசையில் நிற்பார்கள். ஒரு பிகோஆம்பியர் மின்னோட்டத்தை அளந்து, "இது சாதனத்திலிருந்து வருகிறது, பலகையில் படிந்த ஈரத்திலிருந்து வரவில்லை" என்று நிரூபிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தத் துறையின் அன்றாடத்தில் பெரும்பங்கு வயரிங், எர்த்திங், இரைச்சல், கசிவு. குவாண்டம் என்பது இவையெல்லாம் அடங்கிய பிறகு தலைகாட்டும் விஷயம்.

முதலில் அந்த ஆராய்ச்சியாளரின் வேலை. காலியம் ஆர்செனைடின் மேல் அலுமினியம் காலியம் ஆர்செனைடை அடுக்காக வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில், வழக்கமாக மேற்பரப்பிலிருந்து 90 நானோமீட்டர் போன்ற ஆழத்தில், எலக்ட்ரான்கள் மெல்லிய தகடாகத் தேங்கும். பக்கவாட்டில் ஓடலாம், மேலும் கீழும் நகர முடியாது. இதற்கு இருபரிமாண எலக்ட்ரான் வாயு என்று பெயர். மேற்பரப்பில் எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபியால் சில பத்து நானோமீட்டர் அகல உலோகக் கேட்டுகளை (மின்முனைகளை) வரைந்து, அவற்றுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், கீழே உள்ள எலக்ட்ரான்கள் விலகி ஓடும். இப்படி நாலு பக்கமும் நெருக்கி, கடைசியில் ஒரே ஓர் எலக்ட்ரான் மிஞ்சும் அளவுக்குச் சின்ன இடத்தை உண்டாக்கினால் அது குவாண்டம் புள்ளி. அந்த ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் க்யூபிட்டாக, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகாக, பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர்கள் லாஸும் டிவின்சென்சோவும் 1998-இல் முன்மொழிந்தார்கள். அதே ஆண்டு சிலிக்கானில் பதித்த பாஸ்பரஸ் அணுவை வைத்து ப்ரூஸ் கேன் இன்னொரு வழியைச் சொன்னார். இப்போது கவனம் பெரிதும் சிலிக்கான் பக்கமும் ஜெர்மானியம் பக்கமும் திரும்பியிருக்கிறது. காலியம், ஆர்செனிக் இரண்டின் அணுக்கருக்களுக்கும் தற்சுழற்சி உண்டு. அவை எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் குலைக்கும். இயற்கைச் சிலிக்கானில் தற்சுழற்சி உள்ள சிலிக்கான்-29 ஏறத்தாழ 4.7 விழுக்காடுதான். அதையும் நீக்கிய சிலிக்கான்-28 அடுக்குகள் தயாரிக்கப்படுகின்றன.

இவ்வளவு குளிர் எதற்கு என்பதற்குக் கணக்கு எளிது. புள்ளியின் மின்தேக்குத்திறன் 100 அட்டோஃபாரட் என்றால், இன்னோர் எலக்ட்ரானை உள்ளே தள்ள வேண்டிய ஆற்றல் 1.6 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 25. திரவ நைட்ரஜனில் 6.5. திரவ ஹீலியத்தில், அதாவது 4.2 கெல்வினில், 0.36. அங்கே வந்த பிறகுதான் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. 100 மில்லிகெல்வினில் வெப்ப ஆற்றல் 8.6 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டாகச் சுருங்கும். அங்கே அளவீடு தெளிவாக இருக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. நீங்கள் கொடுக்கும் அளவீட்டு மின்னழுத்தமும் அந்த 8.6 மைக்ரோவோல்ட்டுக்குள் இருந்தாக வேண்டும். அதை மீறினால் அளவீடே எலக்ட்ரானைச் சூடாக்கிவிடும். குளிரூட்டியின் தட்டு 10 மில்லிகெல்வின் காட்டும்போது உள்ளே எலக்ட்ரான்கள் 100 மில்லிகெல்வினில் இருப்பது புதிதாகத் தொடங்கும் ஆய்வகங்களில் சாதாரணம். காரணம், அறையிலிருந்து இறங்கும் வயர்கள் ரேடியோ அலைவரிசை இரைச்சலையும் கூடவே இறக்குகின்றன. ஆர்சி வடிகட்டிகள், செம்புத்தூள் வடிகட்டிகள், மெல்லிய கான்ஸ்டன்டன் அல்லது பாஸ்பர் வெண்கல முறுக்கு வயர்கள் எல்லாம் இதற்காகத்தான்.

ஒரு குளிர்விப்புச் சுற்றில் அந்த ஆராய்ச்சியாளர் செய்வது இது. சிப்பைத் தாங்கியில் ஒட்டி, அலுமினிய அல்லது தங்க இழையால் பிணைப்பார். பொருத்துவதற்கு முன் எல்லா வயர்களும் எர்த்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டுப் பட்டை வழியாக ஒரு மெகாஓம் வைத்துத் தானும் எர்த்தில் இருப்பார். நூறு நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும் கேட்டுகளை எரிக்க, விரலில் தெரியாத அளவு நிலைமின்னே போதும். அறை வெப்பநிலையில் ஒவ்வொரு வயரின் தடையையும் குறித்துவைப்பார். குளிரூட்ட ஒரு நாள், பெரிய கருவியானால் இரண்டு நாள். 4 கெல்வினில் கேட்டு கசிவு பார்ப்பார். பிறகு கேட்டு மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் படிகளாக மெதுவாக இறக்கி, ஒவ்வொரு கேட்டும் ஓட்டத்தை முழுதாக அடைக்கிறதா என்று பார்ப்பார். அடைக்காத கேட்டு ஒன்று இருந்தாலும் மொத்தத்தையும் சூடாக்கி, அவிழ்த்து, மறுபடி பிணைக்க வேண்டும். ஒரு வாரம் போச்சு. எல்லாம் சரியாக இருந்தால் கேட்டு மின்னழுத்தம் ஓர் அச்சு, மூல-வடிகால் மின்னழுத்தம் (எலக்ட்ரான் நுழையும், வெளியேறும் முனைகளுக்கு நடுவே உள்ளது) ஓர் அச்சு என்று வரைபடம் எடுப்பார். சாய்சதுரங்கள் வரிசையாகத் தெரியும். அதில் சாய்சதுரத்தின் உயரத்திலிருந்துதான் மேலே சொன்ன 1.6 மில்லி எலக்ட்ரான்வோல்ட் போன்ற எண் வருகிறது.

இந்தத் திறமைகளில் ஐந்தில் நான்கை ஊட்டியில் பழகலாம். நான் பரிந்துரைக்கும் ப்ராஜெக்ட் ஒன்றே ஒன்றுதான்: சாதாரண சிலிக்கான் மாஸ்ஃபெட் (கேட்டு மின்னழுத்தத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்) ஒன்றை அறை வெப்பநிலையிலும் திரவ நைட்ரஜனிலும் அளந்து, அதன் துணைவாயில் சாய்வைக் கண்டுபிடியுங்கள். "வெறும் மாஸ்ஃபெட்டா" என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1980-இல் ஃபான் கிளிட்சிங் குவாண்டம் ஹால் விளைவைக் கண்டது சிலிக்கான் மாஸ்ஃபெட்டில்தான். அந்த விளைவில் தெரியும், பிளாங்க் மாறிலி ஹெச்-ஐ எலக்ட்ரான் மின்னூட்டம் ஈ-யின் வர்க்கத்தால் வகுத்து வரும் 25,812.8 ஓம் என்ற தடை, உலகத்து மின்தடை அளவுகளுக்கே இன்று அடிப்படை. க்யூபிட்டுகளை இயக்கும் சிப்புகளையும் 4 கெல்வினுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பதால், குளிரில் மாஸ்ஃபெட் எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்றைக்கும் சூடான ஆராய்ச்சிப் பொருள்.

சாய்வு என்றால் என்ன? வாயில் மின்னழுத்தம் என்பது மாஸ்ஃபெட் நன்றாக ஓடத் தொடங்கும் கேட்டு மின்னழுத்தம். அதற்குக் கீழே, மின்னோட்டம் பத்து மடங்கு கூட வேண்டுமானால் கேட்டு மின்னழுத்தத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது. அதன் கீழ் எல்லை வெப்பநிலைக்கு நேர்விகிதம். ஊட்டி அறையின் 17 டிகிரியில், அதாவது 290 கெல்வினில், 57.5 மில்லிவோல்ட். 75 கெல்வினில் 15 மில்லிவோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. உங்களுக்குக் கிடைக்கும் எண் இரண்டு இடத்திலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் ஆக்சைடுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே உள்ள குறைபாடுகளைப் பற்றிச் சொல்லும் செய்தி.

75 என்று எழுதியது தட்டச்சுப் பிழை அல்ல. பாடப்புத்தகத்தில் நைட்ரஜனின் கொதிநிலை 77.4 கெல்வின், அது கடல் மட்டத்துக்கு. ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். காற்றழுத்தம் 77, 78 கிலோபாஸ்கல்தான். இங்கே திரவ நைட்ரஜன் 75 கெல்வினை ஒட்டிக் கொதிக்கும். வெப்பமானியை அளவுதிருத்தும்போது 77.4 என்று எழுதினால் தொடக்கத்திலேயே இரண்டு கெல்வினுக்கு மேல் பிழை. கொதிநீரும் அப்படியே: இங்கே 93 டிகிரிக்குப் பக்கம். பனிக்கட்டி நீர் மட்டும் எங்கேயும் பூஜ்யம். வெப்பமானிக்கு 1என்4148 டயோடு போதும். ஆறு வோல்ட்டிலிருந்து 560 கிலோஓம் வழியாகச் சுமார் 10 மைக்ரோஆம்பியர் செலுத்தினால், அறையில் அரை வோல்ட்டை ஒட்டியும் நைட்ரஜனில் ஒரு வோல்ட்டை ஒட்டியும் காட்டும். சாய்வு ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். பிளம்பர் டெஃப்லான் டேப்பால் அதைச் சிப்பின் முதுகோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மாஸ்ஃபெட்டுக்குச் சிடி4007யுபி என்ற ஐசி வாங்குங்கள். விலை மலிவு. பதினான்கு கால்களில் 6 கேட்டு, 7 மூலமும் அடித்தளமும், 8 வடிகால். 14-ஐ நேர் 6 வோல்ட்டுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே உள்ள பாதுகாப்பு டயோடுகள் திறந்துகொண்டு உங்கள் பிகோஆம்பியர்களை விழுங்கும். 7-ஐ எதிர் 0.1 வோல்ட்டில் வையுங்கள்: ஒன்றரை வோல்ட் செல், 15 கிலோஓம், 1 கிலோஓம் பிரிப்பானில் 94 மில்லிவோல்ட் கிடைக்கும், அது போதும். 8 நேரே மின்னோட்டப் பெருக்கிக்குள் போகும். அது மெய்நிகர் பூஜ்யத்தில் நிற்கும். பக்கத்தில் இருக்கும் 9-ஐ எர்த்தில் கட்டுங்கள். 8-உம் 9-உம் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் நடுவே ஈரம் இருந்தாலும் கசிவு ஓடாது. காவல் வளையம் என்று பெரிய கருவிகளில் செய்வதும் இதே யுக்திதான். பயன்படாத கேட்டுகளான 3, 10 இரண்டையும் 7-உடன் இணைத்துவிடுங்கள். தொங்கலில் விட்ட கேட்டு பக்கத்தில் கை வீசினாலே ஆடும்.

இனி பெருக்கி. ப்ராஜெக்டின் உயிர் இதில்தான் இருக்கிறது, எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் ஐசி ஆகாது, அதன் உள்நுழை மின்னோட்டமே பல பத்துப் பிகோஆம்பியர். எல்எம்சி662 எடுங்கள், அதன் உள்நுழை மின்னோட்டம் ஃபெம்டோஆம்பியர் கணக்கு. ஆனால் அதன் மொத்த மின்வழங்கல் 16 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியை நேர்-எதிராகப் போட்டு, 18 வோல்ட்டில் சிப்பைச் சாகடிப்பது வழக்கமாக நடக்கிறது. பக்கத்துக்கு நாலு பென்சில் செல், நேர் 6 எதிர் 6. பின்னூட்டத் தடை 100 மெகாஓம்: ஒரு பிகோஆம்பியருக்கு 0.1 மில்லிவோல்ட் கிடைக்கும், 60 நானோஆம்பியரில் நிறைந்துவிடும். அதற்கு மேல் அளக்க 1 மெகாஓமுக்கு மாற்றுங்கள். கடையில் 100 மெகாஓம் இல்லை என்றால் 22 மெகாஓம் ஐந்தைத் தொடராக இணைத்து, 110 என்று கணக்கில் எடுங்கள். தடைக்கு இணையாக 10 பிகோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் சுற்று ஊளையிடும். அதனால் வேகம் ஒரு மில்லிசெகண்டுக்கு மந்தமாகும். நீங்கள் கையால் புள்ளி புள்ளியாக எடுக்கும் அளவீட்டுக்கு அது பிரச்சினையே இல்லை.

மலையில் இந்தச் சுற்றுக்கு எதிரி பனிமூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டிப் பக்கம் காற்றின் ஈரப்பதம் நாள் கணக்கில் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. கொடைக்கானலில் அக்டோபர் தொடங்கி இதே கதை. சால்டரிங் ஃப்ளக்ஸ் படிந்த பலகையில் ஈரம் ஏறினால் இரண்டு கோடுகளுக்கு நடுவே தடை பத்து ஜிகாஓமுக்கு இறங்குவது சாதாரணம். 6 வோல்ட் வழங்கல் கால் பக்கத்திலேயே இருக்கிறது. 6 வோல்ட்டைப் பத்து ஜிகாஓமால் வகுத்துப் பாருங்கள்: 600 பிகோஆம்பியர். நீங்கள் தேடும் சிக்னலைப் போல அறுபது மடங்கு. எனவே உள்நுழை காலைப் பலகையில் குத்தவே கூடாது. ஐசியின் 2-ஆம் காலைக் கிடைமட்டமாக மடக்கி, 100 மெகாஓமின் ஒரு முனையையும் உள்வரும் வயரையும் அந்தரத்திலேயே அதில் சால்டர் செய்யுங்கள். தடையின் உடம்பை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசையும் கசிவுப் பாதைதான். கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷால் தேய்த்து, 40 வாட் குண்டு பல்புக்கு அடியில் ஒரு மணி நேரம் காய வையுங்கள். பிரெட்போர்டை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுங்கள். டின்னை எர்த் புள்ளியோடு இணைக்கும் இடத்திலும், மூடி உட்காரும் விளிம்பிலும் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடி மின்னியல் ரீதியாக மிதந்துகொண்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலை உள்ளே கடத்தும். உள்ளே ஒரு பொட்டலம் சிலிகா ஜெல் போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் சட்டியில் வறுத்து மறுபடி போடலாம். எர்த் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாறை நிலத்தில் கட்டிடத்தின் எர்த் குழியை நம்ப முடியாது. அதில் சேர வேண்டிய அவசியமும் இல்லை. முழுதும் பேட்டரியில் ஓடினால் கரண்ட் போவதும், மின்னலால் மின்கம்பியில் வரும் அதிர்ச்சியும் உங்கள் சுற்றைத் தொடாது. லேப்டாப்பை யுஎஸ்பி வழியாக இணைத்தால் அதன் சார்ஜரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சோதனை வரிசை: முதலில் மாஸ்ஃபெட் இல்லாமல், உள்நுழை வயரை வெறுமனே விட்டு, வெளியீட்டைக் குறியுங்கள். சில மில்லிவோல்ட் நிற்கும். அது ஐசியின் ஆஃப்செட். எல்லா அளவிலிருந்தும் கழியுங்கள். அது மணிக்கு மணி நகர்ந்தால் ஆஃப்செட் அல்ல, கசிவு. பிறகு மாஸ்ஃபெட்டைப் பொருத்தி, கேட்டை 7-ஆம் காலோடு சேர்த்து, இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தைப் பூஜ்யமாக்கி மீண்டும் பாருங்கள். அதற்கப்புறம் பத்துச் சுற்று பொட்டென்ஷியோமீட்டரால் கேட்டைக் கூட்டுங்கள்: அறையில் 10 மில்லிவோல்ட் படி, நைட்ரஜனில் 2 மில்லிவோல்ட் படி. நைட்ரஜனிலும் 10 மில்லிவோல்ட் படி வைத்தால் ஒரே படியில் மின்னோட்டம் நாலைந்து மடங்கு எகிறிவிடும், சாய்வுக்குப் புள்ளிகளே தேறாது. மின்னோட்டத்தின் மடக்கையைக் கேட்டு மின்னழுத்தத்துக்கு எதிராக வரையுங்கள். 10 பிகோஆம்பியரிலிருந்து 10 நானோஆம்பியர் வரை நேர்கோடு வர வேண்டும். மேலே வளைந்தால் வாயிலை நெருங்கிவிட்டீர்கள், அந்தப் பகுதியைச் சாய்வுக்கு எடுக்காதீர்கள். கீழே தட்டையானால் அது பலகையின் கசிவு. ஈரமான நாளில் தட்டையும் காய்ந்த நாளில் நேர்கோடும் வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த இரண்டு வரைபடங்களையும் அருகருகே அறிக்கையில் போடுங்கள். தேர்வாளருக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

குளிரூட்டும்போது வாயில் மின்னழுத்தமும் மேலேறும் என்பதை மறக்க வேண்டாம். அறையில் பார்த்த கேட்டு மின்னழுத்தத்தில் நைட்ரஜனில் ஒன்றுமே ஓடாது. சாதனம் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாமல் இன்னும் கூட்டிப் பாருங்கள்.

திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும்? கோவையில் வாயு விற்பவர்களிடம் கிடைக்கும். கால்நடைத் துறையினர் செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில்தான் வைக்கிறார்கள், அதனால் மலைக்கு அது புதிய சரக்கல்ல. துறைத்தலைவர் கையெழுத்தோடு முறையாகக் கேட்டுப் பார்க்கலாம். பத்து லிட்டர் குடுவையில் நாளுக்கு நூறு, இருநூறு மில்லி ஆவியாகும். மூடியை ஒருபோதும் இறுக்கக்கூடாது, அது தளர்வாக உட்காரத்தான் செய்யப்பட்டது. மூடிய காரில் கொண்டுவராதீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டிய கொண்டை ஊசி ஒன்றில் குடுவை சாய்ந்தால், ஒரு லிட்டர் திரவம் இந்த உயரத்தில் 900 லிட்டர் வாயுவாக விரியும். காரின் உட்பக்கமே மூவாயிரம் லிட்டர்தான். திறந்த பின்பகுதி உள்ள வண்டியில் நிமிர்த்திக் கட்டுங்கள். ஆய்வகத்திலும் அப்படித்தான். குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலை அடைத்தே பழகியவர்கள். 60 கன மீட்டர் அறையில் ஐந்து லிட்டர் கொட்டினாலே ஆக்ஸிஜன் 19.5 விழுக்காடு என்ற பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போகும். மலையில் ஏற்கெனவே காற்று மெலிவு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையுறை தளர்வாக, உதறினால் கழன்று விழும்படி இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சிப்பை நேரே முக்காதீர்கள். தெர்மாகோல் கப்பில் அல்லது சிறிய குடுவையில் திரவத்துக்கு மேலே ஆவியில் இரண்டு மூன்று நிமிடம் தொங்கவிட்டுப் பிறகு மெல்ல இறக்குங்கள். வயர்கள் 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, ஒரு சாண் நீளம் போதும். தடித்த கேபிள் வெப்பத்தை உள்ளே இறக்கி நைட்ரஜனைக் கொதிக்க வைக்கும், குமிழி அதிர்வு அளவீட்டில் இரைச்சலாகத் தெரியும். 8-ஆம் காலிலிருந்து போகும் கம்பி மட்டும் ஆடாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் விபத்து: பனிமூட்ட நாளில் குளிர்ந்த சிப் முழுதும் நொடியில் வெண்பனி மூடி, உருகித் தண்ணீராகும். எடுத்தவுடன் சிலிகா ஜெல் போட்ட ஜிப் கவருக்குள் தள்ளி, முழுதாக அறை வெப்பத்துக்கு வரும் வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். திறந்து வைத்த கப்பில் நேரம் ஆக ஆகக் காற்றின் ஆக்ஸிஜன் கரைந்து கொதிநிலை மேலேறும். டயோடு வெப்பமானி அதைக் காட்டிக்கொடுக்கும், காட்டினால் புது நைட்ரஜன் ஊற்றுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி உறைபனிக் காலம் இந்த வேலைக்கு உகந்தது: காற்று காய்ந்திருக்கும், கசிவு மறையும். ஆனால் அப்போது கம்பளி உடையில் நிலைமின் ஏறும். மணிக்கட்டுப் பட்டையை அந்த மாதங்களில் மறக்கக்கூடாது.

நேரம் மிஞ்சினால், அதே நைட்ரஜனில் இன்னொன்று: 100 கிலோஓம் மெட்டல் ஃபிலிம் தடையின் ஜான்சன் இரைச்சல், அதாவது வெப்பத்தால் தடையிலேயே எழும் மின்னழுத்த ஆட்டம். 300 கெல்வினில் ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு 40.7 நானோவோல்ட், 75 கெல்வினில் சரிபாதி. இதற்கு டிஎல்072 பரவாயில்லை; அதன் 18 நானோவோல்ட்டை வர்க்கத்தில் கழித்துவிடலாம். கேபிள் நீண்டால் அதன் மின்தேக்குத்திறன் அலைவரிசையை வெட்டும்: 100 பிகோஃபாரட்டில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியும். இந்த அளவீடு போல்ட்ஸ்மன் மாறிலியையே கொடுக்கும், குளிரூட்டியில் எலக்ட்ரான் வெப்பநிலையை அளக்கும் வழிகளில் ஒன்றும் இதுவே.

பலர் எடுக்கும் எல்ஈடி பிளாங்க் மாறிலி சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்ஈடி எரியத் தொடங்கும் மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது. கண் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கீழே போகும். நைட்ரஜனில் ஆரஞ்சு எல்ஈடி மஞ்சளாகவும் பச்சை கலந்தும் மாறுவது பார்க்க அழகு, பள்ளிக் கண்காட்சிக்கு நல்லது. டன்னல் டயோடு கிடைத்தால் எடுத்துவையுங்கள், அறை வெப்பநிலையிலேயே குவாண்டம் ஊடுருவல் தெரியும் இரண்டு முனைச் சாதனம் அது. எதிர்மறைத் தடைப் பகுதியில் சுற்று தானாக அலைய ஆரம்பித்தால் வளைவில் மடிப்பு விழும். இணையாகச் சின்னத் தடை ஒன்றைப் போட்டால் அடங்கும்.

சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது, ஏனென்றால் மலைக்கு அதில் அனுகூலம். ஒற்றை ஃபோட்டானுக்குத் துடிப்பு தரும் குறைக்கடத்திச் சாதனம் அது. இருட்டிலும் வரும் பொய்த் துடிப்புகள் சுமார் பத்து டிகிரி குளிர்ந்தால் பாதியாகும். எனவே சென்னையில் 32 டிகிரியில் அளப்பவரைவிட, இரவு 12 டிகிரியில் அளக்கும் உங்களுக்குக் கால்பங்குதான் தொல்லை. பாதகமும் உண்டு. முறிவு மின்னழுத்தம் 24.5 வோல்ட் வகைகளில் டிகிரிக்கு 21.5 மில்லிவோல்ட் நகரும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 0.32 வோல்ட்; முறிவுக்கு மேல் கொடுக்கும் மேல்மின்னழுத்தமே 2.5 வோல்ட்தான். பெருக்கம் 13 விழுக்காடு ஆடும். மின்னழுத்தத்தை வெப்பநிலையோடு திருத்தாமல் இரவு முழுதும் எடுத்த எண்ணிக்கையை நம்ப முடியாது. ஊட்டியிலேயே இருக்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்திலும், 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் இந்தக் கவலைகள் பெரிய அளவில் உண்டு. தொலைநோக்கியின் 1056 டைபோல்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் குறை-இரைச்சல் பெருக்கி வைத்திருப்பதற்குக் காரணம், வரிசையில் முதலில் நிற்கும் பெருக்கியின் இரைச்சல்தான் மொத்தத்தையும் நிர்ணயிக்கும் என்பது. க்யூபிட்டின் சிக்னலை 4 கெல்வினில் முதலில் பெருக்கும் ஹெம்ட் டிரான்சிஸ்டருக்கும் அதே விதி. ஹெம்ட்டுக்குள் இருப்பதும் நான் தொடக்கத்தில் சொன்ன இருபரிமாண எலக்ட்ரான் வாயுதான். டிஷ் ஆன்டெனாவின் எல்என்பி-க்குள்ளும் அதன் உறவுக்காரர் உண்டு.

மேற்படிப்புக்கு: தேசியக் குவாண்டம் திட்டம் 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்றது. அதில் சாதனங்களுக்கும் பொருள்களுக்குமான மையம் டெல்லி ஐஐடியில், கணினிக்கு பெங்களூரு ஐஐஎஸ்சியில், உணர்விகளுக்கு மும்பை ஐஐடியில், தகவல்தொடர்புக்கு சென்னை ஐஐடியில். தூய அறையைக் கண்ணால் பார்க்க, ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்தும் இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டத்தின் பயிற்சிகளுக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரி மாணவர்களுக்கும் இடம் உண்டு. விண்ணப்பத்தில் "குவாண்டம் மீது ஆர்வம்" என்று எழுதுவதைவிட, "75 கெல்வினில் மாஸ்ஃபெட்டின் சாய்வு அளந்தேன், கசிவு எல்லை இவ்வளவு" என்று ஒரு வரி எழுதுங்கள். பைத்தானில் கருவிகளை இயக்கப் பழகுங்கள்; பல குவாண்டம் ஆய்வகங்களில் க்யூகோட்ஸ் என்ற பைத்தான் தொகுப்பு ஓடுகிறது, கருவி இல்லாமலே போலிக் கருவிகளை வைத்து அதைப் பழகலாம். கிகாட் மென்பொருளில் ஒரு மின்சுற்றுப் பலகை வரைந்து அச்சிட்டு வாங்குங்கள், மேலே சொன்ன பெருக்கியையே வரையலாம். உள்நுழை காலுக்குக் கீழே பலகையில் ஒரு துளை விடச் சொல்லுங்கள்.

பெருக்கி தயாரானதும், மாஸ்ஃபெட்டைத் தொடும் முன், வெறும் உள்நுழையோடு ஓர் இரவு முழுதும் வெளியீட்டைப் பதிவு செய்து பாருங்கள். பக்கத்திலேயே ஈரப்பதமானி ஒன்றும் இருக்கட்டும்.